அண்டி ஆபீஸ் மூடினால் அறிவு வளருமா?

2025 செப்டம்பர் 6

வாசகர் ஒருவர் தொடங்கியது: "கருங்கல், மார்த்தாண்டம் பக்கம் முந்திரி ஆலைகள் மூடுகின்றன என்று எல்லாரும் புலம்புகிறார்கள். 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழ்நாட்டிலேயே முதலில் நின்ற மாவட்டம் நம்முடைய கன்னியாகுமரி. கொட்டை உடைப்பதை வியட்நாம்காரர்கள் செய்யட்டும், நம் பிள்ளைகள் கம்ப்யூட்டர் வேலைக்குப் போகட்டும். உற்பத்தியின் காலம் முடிந்தது, இனி அறிவுப் பொருளாதாரம்தான். இதில் அழ என்ன இருக்கிறது?"

செப்டம்பர் 6, இரவு

எனக்கு அழ இருக்கிறது தம்பி. எங்கள் அம்மா 23 வருடம் அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில், தல்லு வேலை (கொட்டை உடைப்பது) பார்த்தார். அந்தச் சம்பளத்தில்தான் நான் டிப்ளமோ படித்தேன், பிறகு திருவனந்தபுரம் பக்கத்துக் கழக்கூட்டத்தில் 11 வருடம் மென்பொருள் வேலை, இப்போது 6 வருடமாக மார்த்தாண்டம் பக்கத்தில் ரெண்டு பிரஸ் போட்டு ரப்பர் வாஷர், புஷ், கேஸ்கெட் அடித்துக் கொடுக்கிறேன். நீங்கள் சொல்லும் ரெண்டு பொருளாதாரத்திலும் சோறு தின்றவன் என்பதால் இதை விட மனசில்லை. நாளை விரிவாக எழுதுகிறேன்.

செப்டம்பர் 7

சரி, முதலில் வியட்நாம். கொட்டை உடைப்பது மூளை வேண்டாத வேலை, அதனால் அது கூலி குறைந்த நாட்டுக்குப் போய்விட்டது என்பது உங்கள் கணக்கு. நடந்தது நேர்மாறு. முந்திரிப் பருப்பு ஏற்றுமதியில் பல பத்தாண்டுகள் இந்தியாதான் முதலிடம், 2006-இல் வியட்நாம் முந்தியது. நம்மைவிட மலிவான கையை வைத்து அவர்கள் முந்தவில்லை, உடைக்கும் மிஷினை அவர்களே செய்து முந்தினார்கள். ஆரம்பத்தில் அந்த மிஷினில் பருப்பு நிறைய உடைந்தது. முழுப்பருப்புக்குத்தான் விலை, உடைசலுக்கு விலை விழுந்துவிடும், அதனால் நம் முதலாளிகள் "எங்கள் பெண்கள் கையில் உடைவது போல எந்த மிஷினிலும் வராது" என்று நிம்மதியாக இருந்தார்கள். அங்கே ஒவ்வொரு வருடமும் பிளேடை மாற்றினார்கள், கொட்டையை அளவு பிரித்துப் போடப் பழகினார்கள், வேகவைக்கும் பக்குவத்தைத் திருத்தினார்கள். கடைசியில் அந்த மிஷினையே ஆப்பிரிக்காவுக்கும் நமக்கும் விற்கிறார்கள்.

இதில் எது உற்பத்தி, எது அறிவு? பிரித்துச் சொல்லுங்கள் பார்ப்போம்.

அவர்களுக்குச் சொந்தமாகக் கொட்டை விளைகிறது என்பதும் ஒரு வசதி.

செப்டம்பர் 9

மேலே கடைசி வரியில் எழுதியது தவறு. தூத்துக்குடியில் சரக்கு இறக்கும் ஒரு அண்ணன் போனில் பிடித்துத் திருத்தினார். வியட்நாமில் விளைகிறதுதான், ஆனால் அவர்களுடைய ஆலைகளுக்கு அது எந்த மூலைக்கும் காணாது. ஆப்பிரிக்காவிலிருந்தும் பக்கத்து கம்போடியாவிலிருந்தும் கொட்டை இறக்கித்தான் ஓட்டுகிறார்கள். நாமும் ஐவரி கோஸ்ட், கானா, பெனின், தான்சானியா என்று அதே ஊர்களில்தான் வாங்குகிறோம். ஆக, கச்சாப் பொருளில் அவர்களுக்குத் தனிச் சலுகை ஒன்றும் இல்லை. என் தப்பைத் திருத்தப் போனால் என் வாதம்தான் இன்னும் கெட்டியாகிறது.

இன்னொன்றும் யோசித்தேன். சர்வதேச வர்த்தகம்தான் நம் ஆலைகளைக் கொன்றது என்று பலர் இங்கே எழுதுகிறார்கள். அந்த ஆலைகளை இத்தனை வருடம் உயிரோடு வைத்திருந்ததும் அதே வர்த்தகம்தான். நம் மாவட்டத்தில் விளையும் முந்திரியை மட்டும் நம்பியிருந்தால் வருடத்தில் சில வாரம்தான் வேலை நடந்திருக்கும். அம்மா உடைத்த கொட்டையில் பெரும்பகுதி கப்பலில் வந்தது. இறக்குமதி வரியை ஏற்றியபோது ஆலைகள்தான் முதலில் கத்தின, 2018 பட்ஜெட்டில் 5 சதவீதத்திலிருந்து 2.5 ஆகக் குறைத்தார்கள். அதனால் கதவை அடை என்று சொல்பவர்களோடு நான் சேரமாட்டேன்.

அப்போ நாம் ஏன் மிஷின் செய்யவில்லை? கேரளத்துக் கொல்லத்தில் கூலி கூடினபோது வேலை எல்லை தாண்டி இந்தப் பக்கம் வந்தது. இங்கே பெண்கள் குறைந்த கூலிக்குக் கிடைத்தார்கள். கை மலிவாகக் கிடைக்கும்வரை மிஷினுக்குக் காசு போட யாருக்கு மனசு வரும்? நம் பலம் என்று நினைத்த அந்த மலிவுதான் நம்மைத் தூங்க வைத்தது.

செப்டம்பர் 10

அம்மாவிடம் இந்த விவாதத்தை வாசித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "அந்த வேலைக்கு உனக்க மகளை அனுப்புவியா?"

மாட்டேன். ராத்திரி முழுக்க இதை நினைத்துக்கொண்டிருந்தேன். தல்லு வேலை என்றால், சின்னத் திண்டில் குந்தி உட்கார்ந்து, கொட்டையை இடது கையில் நிமிர்த்திப் பிடித்துக் கல்லில் வைத்து, வலது கையால் கொட்டாப்புளியில் ஒரு தட்டு. பலம் கூடினால் பருப்பு ரெண்டாகும், குறைந்தால் ஓடு பிளக்காது. ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெய் கையில் பட்டால் தோல் வெந்து உரியும். அதற்குச் சாம்பலில் கையைப் புரட்டிக்கொண்டு உடைப்பார்கள். அம்மாவின் இடதுகைப் பெருவிரலும் சுட்டுவிரலும் இன்றும் கறுப்புத்தான், ரேகை சரியாகப் பதியாமல் ரேஷன் கடையில் நாலு தடவை வைத்து எடுக்க வேண்டியிருக்கிறது. மாதத்துக்கு எத்தனை கிலோ என்றுதான் கணக்கு, உட்கார்ந்த நேரத்துக்குக் கணக்கில்லை.

ஆகையால் தம்பி, நீங்கள் முதலில் சொன்னதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். அந்த வேலை போனதற்காக நான் அழவில்லை. அதற்கு அடுத்த படி இங்கே வராமல் போனதற்குத்தான் அழுகிறேன். அம்மாவின் கூடப் பணிசெய்த சேச்சிமாரில் ஒருத்திகூட மிஷின் ஆபரேட்டராகவோ சூப்பர்வைசராகவோ ஆகவில்லை. ஆலை மூடினதும் துணிக்கடை, வீட்டுவேலை, நூறுநாள் வேலை என்று சிதறிவிட்டார்கள். அவர்கள் கையில் இருந்த அந்தத் தட்டின் கணக்கு எந்த நோட்டிலும் ஏறவில்லை.

செப்டம்பர் 14

கம்ப்யூட்டர் வேலை பற்றிக் கேட்டவர்களுக்கு. கழக்கூட்டத்து டெக்னோபார்க் 1990-இல் தொடங்கியது, இந்தியாவின் முதல் தொழில்நுட்பப் பூங்கா. நாகர்கோவிலிலிருந்தும் குழித்துறையிலிருந்தும் காலை வண்டியில் தொங்கிக்கொண்டு போன ஒரு தலைமுறைக்கு அது வீடு கட்டிக் கொடுத்தது, எனக்கும்தான். நன்றி மறக்கக் கூடாது. இந்திய அளவிலும் 2023-24-இல் சரக்கு ஏற்றுமதி ஏறத்தாழ 437 பில்லியன் டாலர் என்றால் சேவை ஏற்றுமதி 341 பில்லியன். இது சின்ன விஷயமே இல்லை.

ஆனால் நான் அங்கே செய்த வேலை எப்படிப்பட்டது தெரியுமா? அமெரிக்காவில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் படிவங்கள் ஓடும் மென்பொருளில் வரும் பிழைகளைத் திருத்துவது. காலையில் பட்டியல் வரும், சாயங்காலத்துக்குள் இத்தனை முடிக்க வேண்டும். அம்மாவுக்குக் கிலோ கணக்கு, எனக்கு டிக்கெட் கணக்கு, ஒரு பிழைக்கு ஒரு டிக்கெட். அந்தப் படிவம் ஏன் அப்படி இருக்கிறது, அந்த நாட்டில் காப்பீடு எப்படி நடக்கிறது என்று 11 வருடத்தில் யாரும் எனக்குச் சொல்லவில்லை, நான் கேட்டபோது அது உன் வேலையில்லை என்றார்கள். ஒரு வெள்ளிக்கிழமை அந்த வேலை முழுவதும் பிலிப்பைன்சுக்குப் போகிறது என்று அறிவிப்பு வந்தது. 40 பேர். அண்டி ஆபீசை மூடக்கூட பாய்லரைக் கழற்ற வேண்டும், சாக்கை ஏற்ற வேண்டும், ஒரு மாதம் ஆகும். எங்களுக்கு ஒரு வாரம்கூட எடுக்கவில்லை.

ஏசியில் உட்கார்ந்து செய்தாலே அது அறிவு வேலை ஆகிவிடாது. ஒரு வேலையின் ஏன், எதற்கு யார் கையில் இருக்கிறதோ அவர்களிடம்தான் அறிவு இருக்கிறது.

செப்டம்பர் 15

நேற்று எழுதியதில் கோபம் கூடிவிட்டது. அதே கட்டடத்தில் பக்கத்துத் தளத்தில் சொந்தமாகப் பொருள் செய்து விற்ற ஒரு சின்னக் குழுவும் இருந்தது, அவர்கள் வாடிக்கையாளரை நேரே போய்ப் பார்த்து வந்தார்கள், இன்றும் நன்றாக இருக்கிறார்கள். மென்பொருளே வேண்டாம் என்று நான் சொன்னதாக யாரும் எடுக்க வேண்டாம்.

செப்டம்பர் 21

ஐபோன் உதாரணம் கொடுத்த நண்பருக்கு. நீங்கள் சொன்ன ஆய்வு உண்மைதான். 2009-இல் ஒரு ஐபோனின் உற்பத்திச் செலவு 178.96 டாலர், அதில் சீனாவில் பூட்டி முடுக்கியதற்குக் கிடைத்தது வெறும் 6.50 டாலர். அதை வைத்து, "பார்த்தீர்களா, தொழிற்சாலையில் காசில்லை, டிசைனில்தான் காசு" என்கிறீர்கள். கதையை அங்கேயே நிறுத்திவிட்டீர்கள். ஐபோன் எக்ஸ் வந்தபோது அதே மாதிரிக் கணக்கில் சீன நிறுவனங்களின் பங்கு 100 டாலரைத் தாண்டி, மொத்தச் செலவில் கால்வாசி ஆகிவிட்டது. ஆறரை டாலர் வேலையைக் கேவலம் என்று தூக்கி எறியாமல், அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து திருகாணி, கண்ணாடி, கேமரா என்று ஒவ்வொன்றாகப் பழகினார்கள். இப்போது அந்தப் பூட்டும் வேலை ஓசூருக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் வந்திருக்கிறது. நாமும் அதன் பக்கத்தில் உட்காருவோமா, பூட்டிக் கொடுத்துவிட்டு எழுந்துவிடுவோமா என்பதுதான் எனக்குக் கவலை.

அமெரிக்கா தொழிற்சாலைகளை விட்டுவிட்டுத்தானே பணக்கார நாடாக இருக்கிறது என்று இன்னொருவர். 1979-இல் அங்கே உற்பத்தித் துறையில் 1.95 கோடிப் பேர் வேலை பார்த்தார்கள். 2000-இல் 1.7 கோடி. 2001 டிசம்பரில் சீனா உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தது. 2010-இல் 1.15 கோடி. எல்லாம் சீனாவால் போனது என்று சொல்லமாட்டேன், மிஷினால் போனதும் உண்டு, 2008 நெருக்கடியும் உண்டு. ஆனால் 2013-இல் ஆட்டர், டோர்ன், ஹான்சன் என்ற பொருளாதார அறிஞர்கள் மூவரும் ஊர் ஊராகப் பார்த்து எழுதினார்கள்: சீனச் சரக்கோடு நேரடியாக மோதிய ஊர்களில் வேலையும் சம்பளமும் விழுந்தன, அரசு உதவியை நம்பியவர்கள் கூடினார்கள். ஒரு ஊரில் வேலை போனால் ஆட்கள் வேறு ஊருக்குப் போய்விடுவார்கள் என்று பாடப் புத்தகம் சொன்னது, அவர்கள் போகவில்லை.

நம் ஆட்கள் போவார்கள். பஹ்ரைன், குவைத், சவுதி. தூத்தூர்க்காரர்கள் எந்தக் கடலில் இல்லை? ஆனால் போனவன் அனுப்பும் காசில் வீடுதான் எழும்புகிறது, பட்டறை எழும்பவில்லை. எங்கள் தெருவில் மூணு மாடி வீடு நாலு இருக்கிறது, நாலிலும் ரெண்டு கிழடுகளும் ஒரு நாயும்தான்.

செப்டம்பர் 28

கொஞ்சம் வேறு பாதையில் போகிறேன், நேற்று பிள்ளைகளைப் புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குக் கூட்டிப்போன நினைவு. 1741-இல் குளச்சலில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா டச்சுக்காரர்களைத் தோற்கடித்தார், சண்டைக்குக் காரணமே மிளகு வியாபாரம். வெற்றித்தூண் பற்றி எல்லாருக்கும் தெரியும். எனக்குப் பெரிதாகப் படுவது அதற்கு அப்புறம் நடந்தது. பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாயை வைத்துப் படையைப் பழக்கினார்கள், இந்தக் கோட்டைக்குள் பீரங்கி வார்க்கும் உலை போட்டார்கள். டிலனாய் 1777-இல் இறந்து அங்கேயேதான் அடக்கம். அன்றைக்கு இந்த நாட்டிடம் விற்க மிளகு இருந்தது, அதை விற்றுத் துப்பாக்கி வாங்கிக்கொண்டே காலத்தை ஓட்டியிருக்கலாம். வார்க்கிற வித்தையைக் கையில் வாங்கினார்கள். என் மகள் அந்தக் கல்லறையைப் பார்த்து, "எதிரியை ஏம்ப்பா வேலைக்கு வச்சாங்க?" என்று கேட்டாள்.

அக்டோபர் 5

மணவாளக்குறிச்சி மணலையும் சொல்லாமல் விடக்கூடாது. 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர், இங்கிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் என்ற தாது இருப்பதைக் கண்டார். நம் ஊர்ப் பெண்கள் தேங்காய் மட்டையை அழுகவைத்து, அடித்து, நார் பிரித்துத் திரித்த கயிறு, அதில் ஒட்டிய மணல். நமக்கு அது காலில் ஒட்டுவது, அவருக்கு அது தோரியம், அதாவது ஐரோப்பாவில் எரிந்த கேஸ் விளக்குகளில் ஒளிரும் வலையான மேண்டிலுக்கு வேண்டியது. சீக்கிரமே மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் ஆலை வந்தது, மணல் கப்பலேறியது. சுதந்திரத்துக்குப் பிறகு 1950-இல் அரசு நிறுவனம், 1952-இல் ஆலுவாயில் மோனசைட்டைப் பிரித்தெடுக்கும் ஆலை. நல்ல தொடக்கம்தான்.

ஆனால் அதே மோனசைட்டிலிருந்து வரும் அருமண் தனிமத்தில் (rare earth) மணலைவிட, அதைப் பிரித்து, உலோகமாக்கி, காந்தமாக்கும் கடைசிப் படிகளில்தான் பிடி இருக்கிறது. அந்தப் படிகளைச் சீனா தன்னிடம் வைத்திருக்கிறது. 2025 ஏப்ரலில் ஏழு தனிமங்களுக்கும் அவற்றின் காந்தங்களுக்கும் ஏற்றுமதிக் கட்டுப்பாடு போட்டதும் நம் வண்டித் தொழிற்சாலைகள் திணறின. மணல் நம் கடற்கரையில் கிடக்கிறது, காந்தத்துக்கு அவர்கள் வாசலில் நிற்கிறோம்.

இதைப் படித்துவிட்டு "அப்போ இன்னும் தோண்டலாமே" என்று யாரும் வரவேண்டாம். கடற்கரை ஊர்களில் வீட்டுக்கு வீடு புற்றுநோய்ப் பயம் இருக்கிறது, அந்தப் பயத்தை மதிக்காமல் தோண்டுவதற்கு நான் ஆள் இல்லை. கூடுதலாகத் தோண்டினால் கூடுதலாக மணல்தான் வரும். காந்தம் செய்யத் தெரியாது என்ற குறை அப்படியேதான் இருக்கும்.

அக்டோபர் 12

ரப்பர். ரெண்டு நாளாக மழை, குலசேகரம் பக்கம் பால்வெட்டு நின்றுவிட்டது, அதனால் நேரம் கிடைத்தது. 2011-இல் கிலோ 240 ரூபாய்வரை போன ஷீட், 2016 தொடக்கத்தில் 100-க்கும் கீழே இறங்கியது. அப்போது மரத்தை வெட்டி விற்றவர்கள் எங்கள் குடும்பத்திலேயே உண்டு. தென்கிழக்கு ஆசிய நாடுகளோடு போட்ட ஆசியான் ஒப்பந்தத்தால் வரியில்லாமல் ரப்பர் வந்து குவிந்தது என்று சித்தப்பா சொல்வார், நானும் அதையே பல இடத்தில் சொல்லியிருக்கிறேன்.

அக்டோபர் 13

அது சரியில்லை. ஆசியான் ஒப்பந்தத்தில் இயற்கை ரப்பரை விலக்குப் பட்டியலில்தான் வைத்திருந்தார்கள். அதற்கு 25 சதவீதம் அல்லது கிலோவுக்கு 30 ரூபாய், எது குறைவோ அந்த வரி உண்டு. ஓட்டை இருந்தது காம்பவுண்டு ரப்பரில். ரப்பரோடு கொஞ்சம் கார்பன், ரசாயனம் கலந்துவிட்டால் அது வேறு சரக்கு, 10 சதவீத வரிதான். 2023 பட்ஜெட்டில்தான் அதையும் இயற்கை ரப்பரின் அளவுக்கு ஏற்றினார்கள். உலகச் சந்தையிலேயே விலை விழுந்திருந்தது என்பதும் உண்டு. சித்தப்பாவிடம் இதைச் சொன்னேன், "வெட்டின மரம் முளைக்குமா" என்றார்.

அக்டோபர் 19

ஒரு நண்பர் கேட்டார்: நீ செய்வது ரப்பர் வாஷர், அதில் என்ன அறிவு? கேட்டது நல்லதாகப் போயிற்று.

பட்டறை தொடங்கின புதிதில் தேங்காய்ப்பட்டணத்திலிருந்து ஒரு படகுக்காரர் எஞ்சினின் டீசல் பைப்பில் போடும் சீலைக் கொண்டுவந்து இது போல அடித்துக் கொடு என்றார். நம் தோட்டத்து ரப்பர், சல்ஃபர், கார்பன் போட்டு மிக்சிங் மில்லில் அரைத்து, 150 டிகிரியில் 8 நிமிடம் பிரஸ்ஸில் வைத்து எடுத்தேன். பார்க்க அச்சு அசலாக இருந்தது. ஒன்பதாம் நாள் வந்து மேசையில் எறிந்தார். என் சீல் ஊறவைத்த கொண்டைக்கடலை மாதிரி வீங்கி, நகத்தால் கீறினால் பிய்ந்து வந்தது. நடுக்கடலில் எஞ்சின் நின்றிருக்கிறது. "எட்டு உசிரு இருந்துச்சு படகுல" என்றார், அதற்கு மேல் திட்டவில்லை. அன்று நான் சாப்பிடவில்லை.

இயற்கை ரப்பர் டீசல் குடிக்கும். அந்த இடத்துக்கு நைட்ரைல் வேண்டும், அது செயற்கை ரப்பர், எனக்குக் கிடைத்தது கொரியாச் சரக்கு. அதில் எத்தனை கடினம் வைத்தால் பைப்பில் இறுகும், எத்தனை வைத்தால் வெடிக்கும் என்று பிடிபட எனக்கு ஏழு மாதம் ஆனது, அந்த ஏழு மாதமும் அதே படகுக்காரர்தான் போட்டுப் பார்த்துச் சொன்னார், முதலில் துறைமுகத்தில் கட்டிப்போட்ட எஞ்சினில், பிறகுதான் கடலில். கொரியாவிலிருந்து சரக்கு வரவில்லை என்றால் அந்தச் சீல் இல்லை. படகு பக்கத்தில் இல்லை என்றாலும் அந்தச் சீல் இல்லை. பாலிடெக்னிக் புத்தகத்தில் நைட்ரைல் பற்றி ஒரு வரி இருந்தது, பரீட்சைக்கு அதைப் படித்தும் இருக்கிறேன்.

நவம்பர் 2

அம்மா விஷயம் ஒன்று சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். கருங்கல் பக்கம் தெரிந்தவர் ஒருவர் நாலு உடைப்பு மிஷின் போட்டு ஓட்டுகிறார், வியட்நாம் மிஷின். உடைசல் கூடுதலாக வருகிறது, என்ன செய்தும் தீரவில்லை என்றார். போன வாரம் அம்மாவை ஸ்கூட்டரில் கூட்டிப்போனேன். மிஷின் பக்கமே அம்மா போகவில்லை. சாக்கில் கை விட்டுக் கொட்டையை அள்ளிப் பார்த்தார். "இது ஒரே ஊருக்கு உள்ளதில்ல, ரெண்டு ஊரு கலந்து கெடக்கு, இது சின்னது, இது தடிச்சது" என்று தரையில் ரெண்டாகப் பிரித்துப் போட்டார். அப்புறம் ஒன்றைத் தட்டி உடைத்து, ஓட்டின் உட்புறத்தைத் தடவி, "அவிச்ச சூட்டோடயே போடுதிய. ஒரு நாள் ஆறப்போடணும், அப்பத்தான் பருப்பு ஓட்டை விடும்" என்றார்.

அந்த முதலாளி பையன், என்ஜினீயரிங் படித்தவன், நோட்டை எடுத்து எழுதிக்கொண்டான். புதன்கிழமை அளவு பிரித்து, ஆறவைத்து ஓட்டியதில் உடைசல் நன்றாகக் குறைந்திருக்கிறது. அம்மாவை வாரம் ரெண்டு நாள் வரச் சொல்லியிருக்கிறான், தல்ல வேண்டாம், உட்கார்ந்து பார்த்துச் சொன்னால் போதும் என்று. கூலி பேசும்போது அம்மா கூச்சப்பட்டார், நான் பேசினேன், கிலோ கணக்கு இல்லாமல் நாள் கணக்கில்.

கிளம்பும்போது பார்த்தேன், சல்லடை ஆடும் இடத்தில் அடியில் இருக்கும் ரப்பர் புஷ் நாலில் ரெண்டு பிளந்திருந்தது. சரக்கு வெளிநாட்டிலிருந்து வர மாதக்கணக்காகும் என்றான். கழற்றி வாங்கி வந்திருக்கிறேன். அளவு எடுத்தாயிற்று, மோல்டுக்கு லேத்தில் சொல்லியிருக்கிறேன், வெள்ளிக்கிழமை கிடைக்கும். அங்கே முந்திரி எண்ணெய் படும் என்பதால் அந்த எண்ணெயிலேயே நைட்ரைல் துண்டு ஒன்றை ஊறப்போட்டு வைத்திருக்கிறேன், இன்று மூன்றாம் நாள்.